‘போர்டு மாதிரி இருக்கு, அண்ணாச்சி’

பாலத்துக்கு 13 கண். ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று எண்ணி எண்ணித்தான் வரைந்தேன். ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டிப் பக்கம், ரோட்டை ஒட்டியே நீளமாக நிற்குமே, அந்தக் கருங்கல் ரயில் பாலம். 1904இல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை வந்த காலத்தது. 2018இல் அகலப் பாதையாக்கித் திறந்த பிறகும் ரயில் அதன் மேல்தான் போகிறது. செங்கோட்டைக்காரன் எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். வாட்டர்கலரில் அதை வரைந்து முடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கால் மணி நேரத்தில் ஐந்தாறு கைதட்டல், இரண்டு ‘சூப்பர்’. அப்புறம் புனலூர் சேச்சியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

“போர்டு மாதிரி இருக்கு, அண்ணாச்சி.”

சுருக்கென்றது. நான் போர்டு ஆர்ட்டிஸ்ட்தான். தென்காசி, கடையநல்லூர், இந்தப் பக்கம் தென்மலை வரை சலூன், மளிகைக்கடை, லாரி ஆபீஸ் என்று தகரத்தில் எனாமல் பெயிண்ட் அடித்து எழுதிப் பிழைத்தவன். தமிழும் எழுதுவேன், மலையாளமும் எழுதுவேன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, ஊர் முகப்பு வளைவில் சங்கு முத்திரை இன்றைக்கும் இருக்கிறது. பிளெக்ஸ் வந்து தொழிலைச் சாப்பிட்ட பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், ஆசைக்கு வாட்டர்கலர் பிடித்தேன். இனிமேல் நான் ‘போர்டு’ இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வரி வந்தது.

மூன்று வாரம் குழுவைத் திறக்கவே இல்லை.

குழு 2020இல் உருவானது. ஊரடங்கில் கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்ட்டை அடைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலத்திலோ தென்மலையிலோ கூடி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த நாங்கள் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டோம். அப்படிப் போனில் கூடியவர்கள் நாங்கள் ஒன்பது பேர். புனலூரில் நர்ஸாக இருக்கும் சேச்சி, பாலக்காடு சித்தூரில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஷ், சங்கரன்கோவில் தம்பி ஒருவர், கடையநல்லூரிலிருந்து பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒருத்தி, இப்படி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், பேச்சில் மட்டும் கொஞ்சம் மலையாளம் கலந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து நான் திரும்பி வந்ததற்குக் காரணம் ஞானோதயம் எல்லாம் இல்லை. மாஷ் தனியாகக் கூப்பிட்டு, “என் படத்தை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை, நீராவது பாரும்” என்றார். அவருடைய ஊர் வயல்வெளி, வரப்பில் பனைகள், பின்னால் மலை. பார்த்ததும் ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்தது. என்ன ஒட்டவில்லை என்று சொல்லத்தான் வரவில்லை. ‘நல்லா இருக்கு’ என்று அடித்தேன், அழித்தேன். ‘ஏதோ குறையுது’ என்று அடித்தேன், அதையும் அழித்தேன். மனிதர் என்ன குறை என்று கேட்பாரே. அரை மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் எழுதினேன்: “மாஷ், முன்னால நிக்கிற பனையும் கடைசியில நிக்கிற பனையும் ஒரே கறுப்பா இருக்கு. எல்லா மரமும் ஒரே வரிசையில நிக்கிற மாதிரி தெரியுது.”

அனுப்பிய கையோடு எழுந்து போய் பீரோ மேல் போட்டு வைத்திருந்த பாலத்தை எடுத்துப் பார்த்தேன். 13 கண்ணும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அகலம். கிட்டத்தில் இருப்பதற்கும் கோடியில் இருப்பதற்கும் ஒரே கறுப்பு அவுட்லைன். மாஷுக்கு நான் எழுதியது முழுக்க எனக்கே பொருந்தியது. சேச்சி ஒரு வரியில் சொன்னதும் அதைத்தான்.

போர்டு வேலையில் இதெல்லாம் குணம். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்து அடித்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி சமமாக வைத்து, சுற்றி அவுட்லைன் போட்டால்தான் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒருவன் ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று படிக்க முடியும். மலையில் அப்படி இல்லை. நமக்கும் தூரத்துப் பொருளுக்கும் நடுவில் காற்றும் ஈரமும் இருக்கின்றன. தள்ளிப் போகப் போக இருட்டு வெளுக்கும், நிறம் நீலத்துக்குப் போகும், ஓரங்கள் கரையும், பாலத்தின் கண்கள் ஒடுங்கிக்கொண்டே வரும். இருபத்தைந்து வருஷம் பழகின கை இதையெல்லாம் சமம் பண்ணிவிடுகிறது. என் படத்தில் இருந்தவரை அது என் கண்ணில் படவே இல்லை. மாஷ் படத்தில் இருந்ததால் பட்டது. சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்ததால் அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் படம் போடாத வாரத்திலும் யாராவது ஒருவர் படத்துக்கு நாலு வரியாவது எழுதுவேன். கடமைக்காக எழுதுவதில்லை, சுயநலம்தான்.

எங்கள் தொழிலில் ஆசான்கள் வாய் திறந்து சொல்லித் தந்ததே கிடையாது. கோணலாக எழுதினால் பிரஷ் கட்டையால் விரல் முட்டியில் ஒன்று விழும், அவ்வளவுதான் பாடம். பெரிய இடத்திலும் இதே கதைதான் போல. கிளிமானூர் ரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைச் சொல்லித்தர அரண்மனை ஓவியருக்கு மனம் வரவில்லை, ஐரோப்பாவிலிருந்து வந்த தியோடர் ஜென்சன் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்தான் விட்டார்கள் என்று சொல்வார்கள். அவர் ரவி வர்மா, பார்த்தே பிடித்துக்கொண்டார். நமக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

ஆனால் போனில் பார்த்துச் சொல்வதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. நாம் பார்ப்பது படம் இல்லை, படத்தின் போட்டோ. ஒருமுறை சங்கரன்கோவில் தம்பியின் வானத்தைப் பார்த்து, “மஞ்சள் கூடிப்போச்சு, நோய் பிடிச்ச மாதிரி இருக்கு” என்று நீளமாக எழுதிவிட்டேன். தம்பி பொறுமையாக மறுநாள் காலையில் திண்ணையில் வைத்து இன்னொரு போட்டோ எடுத்துப் போட்டார். வானம் சுத்தமான நீலம். முதல் போட்டோ ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்ததாம். அரைப் பக்கம் நான் குறை சொன்னது ஒரு பல்பை.

இதைச் சொன்னபோது மாஷ் வான்காவின் கதையைச் சொன்னார். 1885இல் வான்கா ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்தைக் கல் அச்சில் எடுத்து, ஓவிய நண்பர் வான் ரப்பார்ட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினார். கை இப்படி, மூக்கு அப்படி என்று அவர் வெளுத்து வாங்கிக் கடிதம் எழுத, வான்கா அந்தக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பல வருஷ நட்பு அதோடு முறிந்தது. வான் ரப்பார்ட் பார்த்தது எண்ணெய் ஓவியத்தை இல்லை, வெறும் அச்சுப் பிரதியை. கல்லில் வரைந்து எடுத்ததால் அதில் இடம் வலம்கூட மாறியிருந்தது. 135 வருஷம் கழித்து நாங்கள் போனை வைத்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அதனால் இப்போது போட்டோவுக்கு ஒழுங்கு வைத்திருக்கிறோம். பகலில், நேர் வெயில் விழாத நிழலில், திண்ணையோ ஜன்னலோரமோ, டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். பிளாஷ் கூடாது. போனைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடிக்க வேண்டும், சாய்ந்தால் கட்டிடம் எல்லாம் சாயும். ரொம்பக் கிட்டே போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், கிட்டே போனால் ஓரம் வளையும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத்தாளை வைத்து, அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இந்த வெள்ளைத்தாள் யோசனை சேச்சியுடையது.

போட்டோவில் ஒரு லாபமும் உண்டு. போர்டு மாட்டியதும் நாங்கள் ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடையில் நின்று பார்ப்போம், கிட்டே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. போனில் அதே காரியம் நடக்கிறது. கேலரியில் படம் தபால்தலை அளவுக்குத் தெரியும்போது அது என்ன படம் என்று புரிகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கிறேன். நிறம் போனதும் மலையும் மரமும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் தப்பு இருட்டு வெளிச்சத்தில் இருக்கிறது, பச்சையை மாற்றிப் பயனில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை வரைகிறவர்கள் எல்லாருமே பச்சையில்தான் விழுவோம், டியூபைப் பிழிந்து அப்படியே பூசுவோம். கறுப்பு வெள்ளை போட்டோ அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்போது பல்லைக் காட்டும். இவ்வளவையும் நானே பார்த்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் நேரத்தை எடுக்கிறேன்.

வார்த்தைகளிலும் தடுக்கி விழுந்திருக்கிறோம். தம்பி ஒருமுறை சிற்றாற்றை வரைந்து போட்டார். மாஷ் எழுதினார்: “வெள்ளம் கொஞ்சம் கூடிப்போச்சு.” தம்பி குழம்பிப்போய், “மாஷ், நான் வெள்ளம் வரையலையே, சாதாரணமா ஓடுற ஆறுதானே” என்றார். மாஷ் சொன்ன வெள்ளம் மலையாளத்து வெள்ளம், அதாவது தண்ணீர். பிரஷ்ஷில் தண்ணீர் அதிகம், அதனால் காலிஃப்ளவர் பூ மாதிரித் திட்டுத் திட்டாகப் பரவியிருக்கிறது என்பதுதான் சங்கதி. பாதி காய்ந்த வாஷில், அதாவது தண்ணீர் கலந்து பூசின நிறத்தில், ஈரப் பிரஷ்ஷை வைத்தால் அப்படித்தான் ஆகும். சிரித்து முடித்த பிறகு எனக்குத் தோன்றியது, தமிழும் தமிழும் பேசும்போதுகூட இப்படித்தான் ஆகிறது. ‘டல்லா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் நிறம் மங்கலா, ஆர்வமில்லாத விஷயமா, இருட்டா? அதனால் எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னோம். போட்டோ மேலேயே விரலால் ஒரு வட்டம் போட்டு அனுப்பினால் பாதி சண்டை குறைகிறது. ஆனால் வட்டத்தோடு நிறுத்த வேண்டும். கேட்காமல் இன்னொருவர் மலையின் மேலேயே நம் மலையை வரைந்து அனுப்பினால், அவர் வீட்டுக்குள் புகுந்து கட்டிலைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒருமுறை ஒருவர் செய்தார், இன்னொருவர் குழுவை விட்டே போனார்.

இனி நான் செய்த தப்பு.

கடையநல்லூர்ப் பிள்ளை தன் ஆச்சி பீடி சுற்றுகிற படத்தைப் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பார்க்கிற காட்சிதான். மடியில் சுளகு, வெட்டின இலை, தூள், நூல், கத்தரிக்கோல். படத்தோடு “எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டிருந்தாள். எனக்கு அப்போது விமர்சனம் எழுதுவதில் கை நன்றாக ஓட ஆரம்பித்திருந்தது. ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போட்டு எழுதினேன். கை பெரிது, இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இல்லை, சுளகு மடியில் உட்காராமல் நட்டுக்குத்தலாக நிற்கிறது, நிழல் இரண்டு பக்கமும் விழுகிறது… ஏழும் சரிதான், இன்றைக்கும் சொல்வேன். “சரி அண்ணாச்சி, நன்றி” என்று பதில் போட்டாள். அப்புறம் அவளிடமிருந்து படமே வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம்.

சேச்சிதான் போன் பண்ணினார். “நீங்க சொன்ன ஏழும் சரி அண்ணாச்சி. ஆச்சியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

சொல்லவில்லை. அந்தப் படத்தில் ஆச்சியின் தலை குனிந்திருந்த விதம் அவ்வளவு நிஜம். பார்த்ததும் எனக்கு என் சித்தி ஞாபகம் வந்தது. அதை நான் எழுதவே இல்லை. அது குறை இல்லையே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். பிரஷ் கட்டையால் முட்டியில் வாங்கியவன், அதையே ஏழு தடவை திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ‘போர்டு மாதிரி’ என்ற ஒரே வரிக்கு மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன், பதினேழு வயதுப் பிள்ளை ஏழையும் தாங்குவாள் என்று நினைத்திருக்கிறேன்.

தொழிலாகப் பார்த்தாலும் அது மோசமான விமர்சனம். போர்டில் நூல் கோணி விழுந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தாகத் திருத்திக்கொண்டிருக்க மாட்டோம், நூலை மறுபடி அடிப்போம். அவள் படத்தில் நூல் எது? சுளகுதான். அதன் வட்டத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரியும் ஆச்சியை நேரிலிருந்து பார்க்கிற மாதிரியும் வரைந்திருந்தாள். சுளகைச் சப்பை வட்டமாக்கி மடியில் கிடத்தினால் கை தன் இடத்துக்கு வந்துவிடும், அளவும் சரியாகும். ஏழில் மூன்று அதோடு தீரும். அந்த ஒன்றை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதிய பிறகு, எது போனால் மற்றவை தானாகப் போகும் என்று தேடி, அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறேன். முதல் வரியில் நான் படத்தில் என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன். பாராட்டு இல்லை, பார்த்தது. ‘ஆச்சி அலுத்துப்போனவளாகத் தெரிகிறாள்’ என்றால் வரைந்தவருக்கு, தான் நினைத்தது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டில் முறையே வகுத்து வைத்திருக்கிறார்களாம், மகன் சொன்னான். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் உருவாக்கியது. பார்த்தவர்கள் முதலில் தங்களைத் தொட்டதைச் சொல்ல வேண்டும், பிறகு கலைஞர் கேட்க வேண்டும், அப்புறம் பார்த்தவர்கள் அபிப்பிராயம் ஒட்டாத கேள்வி கேட்கலாம், கடைசியில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அபிப்பிராயம். நாங்கள் முட்டி மோதி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் நாலு படியும் ஒழுங்காக ஏறுகிற பொறுமை எங்களுக்கு இல்லை. மாஷ் இரண்டாவது படியிலேயே அபிப்பிராயத்துக்குத் தாவிவிடுவார்.

கேட்கிறவர் பங்கும் உண்டு. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் ‘சூப்பர்’ கிடைக்கும், அல்லது என்னை மாதிரி ஒருவனிடமிருந்து ஏழு கிடைக்கும். “இந்த மலை பின்னால போகுதா?” என்று கேட்டால் மலையைப் பற்றிப் பதில் வரும். அதோடு, முடித்துவிட்டுக் கேட்பதைவிடப் பாதியில் கேட்பது மேல். வாட்டர்கலரில் இருட்டு ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு, சில நிறங்களை ஈரப் பிரஷ்ஷால் கொஞ்சம் எடுக்கலாம், சில தாளோடு ஒட்டிப்போகும். நாங்கள் இப்போது முதல் வாஷ் காய்ந்ததும் ஒரு போட்டோ போடுகிறோம்.

மூன்று பேர் மூன்று வைத்தியம் சொன்னால் என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வலது மூலையில் ஒரு மரம் வை என்பார் ஒருவர், அங்கே வானத்தை இருட்டாக்கு என்பார் இன்னொருவர், மூலையையே வெட்டிவிடு என்பார் மூன்றாமவர். வைத்தியம் மூன்று, வலி ஒரே இடம். வலது மூலையில் ஏதோ சரியில்லை என்பதை நம்பலாம், மருந்தை நானே பார்த்துக்கொள்வேன். ஒருவர் மட்டும் சொல்லி, எனக்கும் உள்ளூரப் படாததை ஒரு வாரம் ஊறப் போட்டுவிடுவேன். பதில் எழுதி வாதாடுவதில்லை. வாதாடின நாளில் ஒன்றும் கற்றுக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் நானே போன் பண்ணிப் பேசினேன். பரீட்சை இருந்தது அண்ணாச்சி, அதான் என்றாள். இருக்கலாம். ஐந்தாவது மாதம் ஒரு படம் வந்தது. முகம் இல்லை, சுளகு இல்லை, இரண்டு கை மட்டும். கூடவே ஒரு கேள்வி: “விரல் பீடியைப் பிடிச்சிருக்கா, சும்மா தொட்டுக்கிட்டு இருக்கா?” நான் பெரிதாக்கி, சின்னதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தேன். “கட்டைவிரல் பிடிச்சிருக்கு, சுட்டுவிரல் தொட்டுக்கிட்டு இருக்கு” என்று மட்டும் எழுதினேன். ஒரு கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினாள். வாட்ஸ்அப் கட்டைவிரல்தான்.

போன ஞாயிறு என் முறை. பாலத்தை ஐந்தாவது தடவையாக வரைகிறேன். சாரல் ஆரம்பித்துவிட்டது, தாள் காயவே மாட்டேன் என்கிறது, ஒரு வாஷுக்கு அரை நாள். மலையிலிருந்து இறங்குகிற மேகம் பாலத்தின் கோடியை விழுங்குகிற மாதிரி, அவுட்லைன் எதுவும் இல்லாமல், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலில் கரையவிட்டிருந்தேன். திண்ணையில் வைத்து, வெள்ளைத்தாளோடு எடுத்துப் போட்டு, “பாலம் நீளமாப் போற மாதிரி தெரியுதா?” என்று கேட்டேன்.

மாஷிடமிருந்துதான் முதலில் வந்தது. “ஏழு கண்தான் இருக்கு. பாக்கி ஆறு எங்கே?”